ரேஷன் கார்டுப் பாட்டுக்காரன்

ஏலே பேராண்டி, இங்க வா. வெளிச்சத்துல நில்லு. நெஞ்சு மேல என்னல அது? கவர்மெண்டு அடையாள அட்டை மாதிரி இருக்கு. அதுல ஒரு பய மூஞ்சி. சடை நாலும் நாலு தெசையப் பாத்து நிக்கி. இந்தச் சட்டைக்கு எம்புட்டுக் குடுத்த? வேண்டாம், சொல்லாத. சொன்னா எனக்குப் பிரஷர் ஏறும்.

எனக்கும் ரேஷன் கார்டு இருக்குல. டிரங்குப் பெட்டிக்குள்ள, நெலத்துப் பத்திரத்துக்கு அடியில கெடக்கு. அதுலயும் ஒரு மூஞ்சி இருக்கு. என் மூஞ்சிதான்னு சொல்லுதாங்க. ஒருத்தனாவது அதைச் சட்டையில அடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுதானா? 2017-ல ஸ்மார்ட் கார்டு குடுத்தப்போ சேலத்துப் பக்கம் ஒரு அம்மா கார்டுல நடிகை காஜல் அகர்வால் படத்தைப் போட்டுக் குடுத்துட்டாங்க. அந்தக் கார்டைச் சட்டையில அடிச்சிருந்தாலாவது நாலு சட்டை வித்திருக்கும்.

சரி, இது யாரு? "லெஜண்டு தாத்தா"ங்கே. லெஜண்டுன்னா? "கல்ட்டு"ங்கே. கல்ட்டுன்னா? முழிக்கே. அவன் பாட்டு எத்தனை கேட்டிருக்க? "ரீல்ஸ்ல பதினஞ்சு செகண்டு." நல்லா இருக்குல ஒங்க பக்தி! ஒக்காரு. காப்பி வரட்டும். நான் சொல்லுதேன்.

அவன் பேரு ஓல் டர்ட்டி பாஸ்டர்ட். மெதுவாச் சொல்லு, ஒங்க ஆத்தா அடுப்பங்கரையில நிக்கா. சுருக்கி ஓடிபின்னு வச்சுக்கிடுவோம். பேங்க்காரன் அனுப்புத ஓடிபி இல்ல. ஆனா கொணம் கிட்டத்தட்ட அதுதான். கேட்ட நேரத்துக்கு வர மாட்டான். வந்தா ரொம்ப நேரம் நிக்க மாட்டான்.

பெத்தவங்க வச்ச பேரு ரஸ்ஸல் ஜோன்ஸ். 1968-ல நியூயார்க்குல, புரூக்ளின் பகுதியில பொறந்தவன். ரிஸா, ஜிஸான்னு சொந்தத்துல ரெண்டு பேரு, இவன் வயசை ஒட்டுனவங்க. சின்ன வயசுலயே மூணு பேருக்கும் ராப் கிறுக்கு. பொறவு இன்னும் ஆறு பேரு சேந்தாங்க. ஒம்பது பேரும் சேந்து 'வூ-டாங் கிளான்'னு பேரு வச்சு, 1993 நவம்பர்ல மொத ஆல்பம் போட்டாங்க. ஒம்பது பேரு ஒரு மைக்கு. நம்ம ஊருல ஒம்பது பேரு சேந்தா என்ன நடக்கும்? சங்கம் வைப்பாங்க, தலைவர் யாருன்னு சண்டை போடுவாங்க, கேஸ் நடக்கும். அங்க அந்த ரிஸாப் பய இருந்தான் பாரு, படு விவரமானவன். கம்பெனிக்காரங்கிட்ட கையெழுத்துப் போடும்போதே சொல்லிட்டான்: "குழுவா நாங்க பாடுறது ஒனக்கு. ஆனா ஒவ்வொருத்தனும் தனியாப் பாடுறதை அவனவன் இஷ்டப்பட்ட கம்பெனிக்கு வித்துக்கிடுவான்."

வெவசாயம் கூட்டு, வெள்ளாமையை விக்கிறது தனித்தனி. எந்தக் காலேஜுல படிச்சான் இதை? அப்படித்தான் மெத்தட் மேன் டெஃப் ஜாம் கம்பெனிக்குப் போனான், 1994 கடைசியில தனி ஆல்பம் வந்துச்சு. ஜிஸா கெஃபனுக்குப் போனான். நம்மாளு எலெக்ட்ராவுக்கு. 1995 மார்ச் 28-ல இவன் தனி ஆல்பம் கடைக்கு வந்துச்சு. பேரு 'ரிட்டர்ன் டு தி 36 சேம்பர்ஸ்: தி டர்ட்டி வெர்ஷன்'. வந்த வேகத்துல அமெரிக்கப் பட்டியல்ல ஏழாவது எடம் வரைக்கும் ஏறிட்டு.

36 அறைங்கது என்ன கணக்குன்னு கேளேன். நீ கேக்க மாட்ட, நானே சொல்லுதேன். ஹாங்காங்குல ஷா பிரதர்ஸ்னு ஒரு படக்கம்பெனி. 1978-ல அவங்க எடுத்த மொட்டைச் சாமியார் சண்டைப் படம் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்'. கோர்டன் லியூ நடிச்சது. நியூயார்க்குல மலிவு டிக்கெட் தியேட்டர்கள்ல இந்த மாதிரிப் படம் ஓடும். இந்தப் பயலுவ அங்க போயி விழுந்து கெடந்தாங்க. பள்ளிக்கூடத்துல படிக்காததை அங்க படிச்சாங்க. இந்தா, உடனே போதிதருமர், காஞ்சிபுரம், நம்ம பாட்டன்னு ஆரம்பிக்காத. வாய மூடு. அந்தப் பயலுவ படம் பாத்தாங்க, அம்புட்டுதான்.

1980-ல அதே கம்பெனி இன்னொரு படம் எடுத்துச்சு, 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்'னு. ஆல்பத்துக்குப் பேரு அங்கேருந்து வந்தது. கதையைக் கேளு. ஒரு ஏமாத்துக்காரன். ஷாவோலின் மடத்துச் சாமியார்னு வேஷம் போட்டு ஊரை மெரட்டப் பாக்கான். குட்டு வெளிப்பட்டு அடி வாங்குதான். சரி, உள்ளபடியே கத்துக்கிடுவோம்னு மடத்துக்கே போறான். அங்க பெரிய சாமியார் குஸ்தி சொல்லிக் குடுக்கல. "மடத்தைச் சுத்திச் சாரம் கட்டு"ன்னு மூங்கிலும் கயிறும் குடுத்து விட்டுடுதார். மாசக்கணக்குல ஏறுதான், எறங்குதான், கட்டுதான். வித்தை சொல்லித் தரலையேன்னு பொலம்பிக்கிட்டே ஊருக்குத் திரும்புதான். சண்டை வருது. கை தானாப் பேசுது! சாரம் கட்டுனதுலயே வித்தை கைக்கு வந்திருக்கு.

ஓடிபி பாட்டைக் கேட்டா மொதல்ல ஒனக்கு என்ன தோணும்? இவன் ஏமாத்துக்காரன், பாட்டுக்காரன் இல்லைன்னுதான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆல்பத்தைப் போட்டா மொத நாலு நிமிஷத்துக்கு மேல பாட்டே இல்ல. இவனே மேடையேறி இவனையே அறிமுகம் பண்ணிக்கிடுதான். தன்னைப் பத்தித் தானே பெருமை பேசுதான். திடீர்னு அழுதான். அழுதுக்கிட்டே ஒரு பழைய காதல் பாட்டை இழுத்துப் பாடி, அதுக்குள்ள தனக்கு வந்த சீக்கைப் பத்திச் சொல்லுதான். என்ன சீக்குன்னு கேக்காத. கல்யாணமாகாத பயகிட்ட நான் அதெல்லாம் சொல்ல முடியாது.

வள்ளித்திருமணம் நாடகம் பாத்திருக்கியால? மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுல ராத்திரி பத்து மணிக்கு மேல மேடை ஏறுவாங்களே. முருகன் எப்ப வருவார்? நடுச்சாமத்துக்கு மேல. அதுக்கு முந்தி யாரு? பபூன். வந்த ஒடனே கதையா சொல்லுதான்? தன் பெருமையைப் பேசுதான். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுக்கான். பாதிப் பாட்டுல அழுதான். குரல் எங்கேயோ போகுது, சுருதி எங்கேயோ நிக்கி. நீ சிரிக்க. ஆனா மிருதங்கக்காரர் கையைப் பாரு. ஒரு தட்டுத் தப்பாது. பபூன் எந்தப் பள்ளத்துல போயி விழுந்தாலும், தீர்மானத்துக்குச் சரியா எந்திரிச்சு நிப்பான். நின்னு ஒரு பார்வை பாப்பான். ஊரே கை தட்டும். தாளம் தெரியாத பய பபூன் வேஷம் கட்டட்டும் பாப்போம், பொம்பளைக பாயைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சிருவாங்க.

இந்த ஆல்பத்துல மிருதங்கம், ஆர்மோனியம் ரெண்டும் ரிஸா கையில. முக்கால்வாசிப் பாட்டுக்கு அவந்தான் இசை. 'ஷிம்மி ஷிம்மி யா'ன்னு ஒரு பாட்டு இருக்கு. அதுல பியானோவுல ஒரு சின்னத் துண்டு, அதையே திருப்பித் திருப்பிச் சுத்த விட்டிருக்கான். கீழ டமாரம். வேற ஒண்ணும் பெருசா இல்ல. கல்யாண மண்டபத்துல குழந்தை ஓடிப் போயி கீ-போர்டுல ரெண்டு விரலை வச்ச மாதிரி இருக்குன்னு நீ சொல்லலாம். ஆனா அதுக்கு மேல ஓடிபி குரல் வந்து விழுதது இருக்கே, சத்தம் முன்னால ஓடும், பின்னால இழுக்கும், பாடுதானா ஏசுதானான்னு தெரியாது, கடைசிச் சொல்லு மட்டும் சரியா டமாரத்து மேல வந்து ஒக்காரும். மூணாவது தடவை கேக்கும்போதுதான் எனக்கு வெளங்கிச்சு. இந்தப் பய சாரந்தான் கட்டியிருக்கான்.

அதே பாட்டுல அமெரிக்காவுக்கு 52 மாநிலம்னு சொல்லுதான். இருக்கது 50. ரெண்டு மாநிலம் எங்கேருந்து வந்துச்சு? யாருக்குத் தெரியும்? இதுக்கு ஒன் சிநேகிதன் ஒருத்தன், அதான் தாடி வச்சவன், கண்ணாடிக்குள்ளேருந்து பேசுவானே, அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அது அமெரிக்க தேசியவாதத்தைக் கட்டுடைக்கிறது தாத்தா"ன்னான். ஏன்ல, கணக்குத் தப்பாச் சொல்லிட்டான்னு சொல்ல ஒங்களுக்கெல்லாம் வாய் வராதா? சீட்டுக்கட்டு ஞாபகத்துல சொல்லியிருப்பான், விட்டுத் தொலைங்களேன்.

பாடுன அடியையே வேற பாட்டுல மறுபடி பாடுதான். அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கான் அந்தத் தாடி. 'மினிமலிசம்'. எனக்குத் தெரிஞ்சு அதுக்குப் பேரு அலுப்பு. புதுசா எழுத ஒடம்பு வணங்கல. பழைய கையிருப்புல இருந்ததை எடுத்து நீட்டிட்டான். 'கட்டிங் ஹெட்ஸ்'னு ரிஸாவும் இவனும் பாடுத பாட்டு, குழு பெரிய பேரு எடுக்குததுக்கு முந்தியே பதிஞ்சு வச்சிருந்ததுதான். இவனைப் பிடிச்சு ஒரு எடத்துல ஒக்கார வச்சு ஒரு ஆல்பம் முடிக்கிறதுக்குள்ள ரிஸாவுக்குத் தாவு தீந்திருக்கும். 'கோயிங் டவுன்'ல தொண்டைக்குள்ள தண்ணியை வச்சுக் கொப்புளிச்ச மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கான். பின்னால ஒரு பொம்பளை ஏசுதா. அந்தப் பொம்பளை சொல்லுததுதான் எனக்கும் ஞாயமாப் பட்டுது. அதையும் 'அவான்ட்-கார்ட்'ன்னு சொல்லித் தலையாட்டுதாங்க ஒங்க ஆளுங்க. காறித் துப்புனாலும் கவிதைங்கீங்களேல!

நல்லது நல்லதுதான். 'புரூக்ளின் ஜூ' கேட்டுப் பாரு. ட்ரூ மாஸ்டர்ங்கவன் அதுக்கு இசை. அதுல ஒரு கொப்புளிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. தொடங்குன கோவம் கடைசி வரைக்கும் எறங்காது. சொல்லு ஒவ்வொண்ணும் முட்டித் தள்ளிக்கிட்டு வரும். இந்தப் பயலுக்கு ஒழுங்காப் பாடத் தெரியாதுன்னு எவனாவது சொன்னா இதைப் போட்டுக் காட்டு. 'டேமேஜ்'ல ஜிஸாவும் இவனும் ஆளுக்கொரு வரியா மாத்தி மாத்திப் பிடிச்சு விளையாடுதாங்க. சின்ன வயசுலேருந்து சேந்து பாடுன பயலுவ. ஒருத்தன் மூச்சு அடுத்தவனுக்குத் தெரியுது.

இப்ப அட்டைக்கு வருவோம். ஒன் நெஞ்சுல இருக்கே, அதுதான் ஆல்பத்துக்கும் அட்டைப்படம். அமெரிக்காவுல ஏழை எளியதுகளுக்கு அரசாங்கம் உதவிப்பணம் குடுக்கும். சாப்பாட்டுச் சாமான் வாங்க அப்ப ஃபுட் ஸ்டாம்புன்னு கூப்பன் குடுத்துச்சு. அதை வாங்குததுக்கு ஒரு அட்டை. அந்த அட்டையைத்தான் இவன் முன்னால போட்டான். நல்லா யோசிச்சுப் பாரு. அன்னைக்கு ராப் பாடுன பாதிப் பய கழுத்துல தாம்புக்கயிறு தண்டிக்குத் தங்கச் சங்கிலி போட்டுக்கிட்டுக் காரு மேல சாஞ்சு நிக்கான். இவன் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுதான். "இதுதான்ல நான்"ங்கான். இதுல எனக்குப் பய மேல ஒரு மரியாதை வந்துச்சு, ஒத்துக்கிடுதேன்.

ஆனா சும்மா இருந்தானா? எம்டிவிக்காரன் கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தான். ஆல்பம் பட்டியல்ல மேல நிக்கி. இவன் என்ன பண்ணுனான்? பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, லிமோசின் கார்ல ஏறி, உதவிப்பணமும் ஃபுட் ஸ்டாம்பும் வாங்கப் போனான். லிமோசின்னா தெரியும்லா? நம்ம தெருவுக்குள்ள வந்தா திருப்ப முடியாது, பின்னாலேயே போயி மெயின் ரோட்டுல ஏறணும். புது வருமானக் கணக்கை இன்னும் அரசாங்கத்துக்குக் காட்டாததுனால, ஏட்டுல அவன் இன்னும் ஏழைதான். ஊரே டிவியில பாத்துச்சு. உதவி குடுக்குத ஆபீசுக்காரரும் பாத்துட்டாரு. கார்டைப் பிடுங்கிட்டாங்க.

சிரிக்காதல. நீ பாத்ததே இல்லையா? புல்லட்டுல வந்து, அந்தியோதயா கார்டை நீட்டி, 35 கிலோ அரிசியை வாங்கி முன்னால வச்சுக்கிட்டுப் போறவனை நம்ம கடை வரிசையிலேயே பாக்கலாம். அவன் வீட்டு மாடியில ஏசி ஓடும். வித்தியாசம் என்னன்னா, நம்மாளு கேமரா இல்லாத எடத்துல பண்ணுதான். இவன் கேமராவைக் கூட்டிக்கிட்டுப் போயிப் பண்ணுனான். இதுல எவன் பெரிய கிறுக்கன்? நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் வெளையாட்டா விட முடியல. அந்த நேரம் அமெரிக்காவுல ஏழைகளுக்குக் குடுக்குத உதவியைக் கொறைக்கணும்னு பெரிய வாக்குவாதம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. சோம்பேறிங்க கவர்மெண்டை ஏமாத்துதாங்கன்னு ஒரு கூட்டம் கத்திக்கிட்டே இருந்துச்சு. அவங்களுக்கு இப்படி ஒரு படம் கெடைச்சா விடுவாங்களா? 1996 ஆகஸ்ட்ல அதிபர் கிளிண்டன் புதுச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். மத்திய அரசுப் பணத்துல குடும்பத்துக்கு உதவி, வாழ்நாள்ல அஞ்சு வருஷத்துக்கு மேல கிடையாதுன்னு ஆச்சு. ஓடிபியாலதான் சட்டம் வந்துச்சுன்னு நான் சொல்லல. வருஷக்கணக்கா வந்துக்கிட்டு இருந்த சட்டம் அது. ஆனா லிமோசின்ல போனவனுக்கு ஆல்பம் இருந்துச்சு. பஸ்ஸுல போயி வரிசையில நின்ன தாயிக்கு என்ன இருந்துச்சு? கோமாளித்தனத்துக்கு எப்பவும் பில்லு கட்டுறவன் வேறாளா இருக்கான்.

ஆல்பம் வந்த அதே 1995-ல இன்னொரு கூத்து. மரியா கேரின்னு ஒரு பாட்டுக்காரி. தேன் கொரலு. சுத்தபத்தமான பொண்ணுன்னு பேரு. 'ஃபேன்டஸி'ங்கது அவ பாட்டு. அமெரிக்காவுல எட்டு வாரம் முதல் எடத்துல நின்னுச்சு. அந்தப் பாட்டோட ரீமிக்ஸ்ல பக்கத்துல யாரை நிப்பாட்டுனா? இந்த அழுக்குப் பயலை! சந்தனத்துக்குப் பக்கத்துல சாணின்னு பெரிய மனுசங்க மூக்கைப் பொத்தியிருப்பாங்க. ஆனா கேட்டுப் பாரு, ரெண்டும் ஒட்டுது. அதுக்குப் பொறவு எத்தனை இனிப்புக் கொரலு, எத்தனை கரகர ராப்பு ஜோடி சேந்து வந்துட்டு? இன்னைக்கு நம்ம சினிமாப் பாட்டுல கூட நடுவுல ஒருத்தன் வந்து கடகடன்னு ஏசிட்டுப் போறானே, அந்த வழியில முள்ளு வெட்டுன கூலியாள்ல இவனும் ஒருத்தன்.

இவன் ஆல்பம் பேரு 1996-ல கிராமி விருதுக்குப் போச்சு. கெடைக்கல. நாட்டி பை நேச்சர்னு வேற குழு வாங்கிட்டுப் போயிட்டு. இதுக்கு இவன் அமைதியாத்தான் இருந்தான். ரெண்டு வருஷம் கழிச்சு, 1998 பிப்ரவரியில, வூ-டாங் குழு ஆல்பத்துக்குப் பேரு போயி அதுவும் கெடைக்கலை பாரு, அன்னைக்குத்தான் பொறுமை போச்சு. வேறொரு பாட்டுக்காரி, ஷான் கோல்வின், பரிசு வாங்க மேடைக்கு வந்திருக்கா. இவன் முந்திப் போயி மைக்கைப் பிடிச்சான். நாங்க ஜெயிப்போம்னு நெனைச்சு இன்னைக்கு நெறைய பணம் போட்டுத் துணி எடுத்தேன்னு மொதல்ல அழுதான். அடுத்தாப்புல வூ-டாங் கொழந்தைங்களுக்காகத்தான்னு ஒரு போடு போட்டான். அவங்க பாட்டுல உள்ள வசவைக் கொழந்தைங்க கேட்டா காதுல புண்ணு வந்துரும். நாடே சிரிச்சுச்சு.

அதே பிப்ரவரியில நடந்த இன்னொண்ணை ஒன் தாடிக்காரச் சிநேகிதன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், அதுல கட்டுடைக்க ஒண்ணும் இல்ல. புரூக்ளின்ல இவன் ஸ்டுடியோவுக்கு வெளிய ஒரு கார் நாலு வயசுப் பெண்கொழந்தை மேல ஏறிட்டு. கொழந்தை அடியில மாட்டிக்கிட்டு. இவனும் சிநேகிதனும் ஓடுனாங்க. ரோட்டுல நின்ன ஒரு பத்துப் பன்னெண்டு பேரைக் கூட்டி, காரையே தூக்கிக் கொழந்தையை வெளிய எடுத்தாங்க. பொறவு ஆஸ்பத்திரிக்கு அந்தக் கொழந்தையைப் பாக்கப் போனான். எந்தப் பேரைச் சொல்லிப் போனான்? பொய்ப்பேரு. பத்திரிகைக்காரங்க மோப்பம் பிடிக்கிற வரைக்கும் அப்படியே போயிப் பாத்துட்டு வந்திருக்கான்.

ரேஷன் வாங்க கேமராவோட போன பய, கொழந்தையைப் பாக்கப் பேரை மறைச்சுக்கிட்டுப் போனான்ல. இதை ரெண்டு தடவை யோசி. ஒங்க ஆளுங்க நேர் எதிரு. அன்னதானத்துக்கு ஒரு பொட்டலம் குடுத்தா மூணு கேமரா, நாலு ஹேஷ்டேக். வீட்டுல அப்பன் கிட்ட வாங்குத காசு மட்டும் வெளிய தெரியக்கூடாது.

உத்தமன்னு நான் சொல்ல வரல. பெத்த பிள்ளைகளுக்குக் குடுக்க வேண்டிய பணத்தைக் குடுக்கலைன்னு 1997-ல கோர்ட்டுல நின்னான். வாயில வார பாதிக்கு மேல பொம்பளைகளை ஏசுதது. போதை மருந்து ஆளைத் தின்னுச்சு. 2000-ல கோர்ட்டு அனுப்பி வச்ச மறுவாழ்வு எடத்துலேருந்து தப்பி ஓடுனான். போலீஸ் தேடுது. இவன் எங்க போயி ஒளிஞ்சான்? நவம்பர்ல நியூயார்க்குல வூ-டாங் மேடையில ஏறிப் பாடுனான்! ஆயிரக்கணக்கான ஜனம் முன்னால. பாடிட்டு நழுவிட்டான். கொஞ்ச நாள்ல பிலடெல்பியாவுல ஒரு மெக்டொனால்ட்ஸ் வாசல்ல ஆட்டோகிராஃப் போட்டுக்கிட்டு நிக்கையில பிடிச்சுட்டாங்க. கதையாக் கேக்க நல்லா இருக்கு. எல்லாரும் கேட்டோம், சிரிச்சோம். "என்னா கிறுக்கன்டா"ன்னு கை தட்டுனோம்.

போனை வை. இதை மட்டும் ஒழுங்காக் கேளு. ஜெயிலுக்குப் போயிட்டு 2003-ல வெளிய வந்தான். 2004 நவம்பர் 13. நியூயார்க்குல ரிஸாவோட ஸ்டுடியோவுக்குள்ளயே விழுந்து செத்துப் போனான். கொக்கைனும் வலி மாத்திரையும் சேந்து ஆளை முடிச்சிட்டு. 36-ஆவது பொறந்தநாளுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. அவன் ஆடுன ஆட்டத்துல எது பபூன் வேஷம், எது நோவுன்னு பிரிச்சுப் பாக்க அன்னைக்கு யாருக்கு நேரம் இருந்துச்சு? டிக்கெட் வித்துச்சு. அது போதும்னு இருந்துட்டாங்க.

இப்ப நீங்க ஒரு கூட்டம் கெளம்பியிருக்கீங்க. முடிக்குப் பச்சைச் சாயம். பல்லுல தகடு. பேட்டியில ஒரு ஏடாகூடம். "நான் வித்தியாசமானவன்"னு நீங்களே சொல்லிக்கிடுதீங்க. அதைச் சொல்ல ஒரு மேனேஜர், படம் பிடிக்க ஒருத்தன், எந்தக் கெழமை கிறுக்குப் பிடிக்கணும்னு அட்டவணை போட இன்னொருத்தன். வித்தியாசமானவன் என்னைக்குல அதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்? நம்ம ஊரு கிறுக்கன் ஒருத்தனாவது "நான் கிறுக்கன்"னு போர்டு மாட்டியிருக்கானா? ஓடிபியோட சடையை எடுத்துக்கிட்டீங்க, கொப்புளிப்பை எடுத்துக்கிட்டீங்க, அட்டையை எடுத்துச் சட்டையில அடிச்சுக்கிட்டீங்க. அவன் தாளத்தை மட்டும் அங்கேயே போட்டுட்டு வந்துட்டீங்க. அது சட்டைக்கடையில விக்க மாட்டேங்குதோ?

அந்தத் தாடிக்காரன் வேற, பழைய இசைத்தட்டு வாங்கணும்னு வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கானாம். போடட்டும். வீட்டுல ஓட்டுததுக்கு மெஷின் இருக்கான்னு கேட்டேன். இல்லையாம். செவுத்துல மாட்டுவானாம். பாட்டைச் செவுத்துல மாட்டுத பயலுக்கு நான் என்ன சொல்ல? வெள்ளையடிக்கும்போது கழட்டி வைக்கச் சொல்லு.

நீ ஒண்ணு செய். ஒங்க ஆத்தா கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து, கதவைச் சாத்திட்டு, 'புரூக்ளின் ஜூ'வை முதல்ல போடு. அப்புறம் 'ஷிம்மி ஷிம்மி யா'. அர்த்தத்தைத் தேடாத, வசவு காதுல விழுந்தா வெளிய விட்டுடு, டமாரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போ, இந்தப் பய எங்க தவறுதான், எங்க வந்து சேருதான்னு பாரு. அப்புறம் வேணும்னா மொத்த ஆல்பத்தையும் கேளு. கொப்புளிப்பு வந்தா தாண்டிரு, ஒண்ணும் குத்தமில்ல. தலை தானா ஆடுச்சுன்னா ஆட்டு. ஆடலையா, அணைச்சிட்டு இளையராஜாவைப் போட்டுக்கோ. தாடிக்காரன் கேட்டா தாத்தாதான் சொன்னாருன்னு சொல்லு.